யன்னலை ஆர் அடைச்சது

கலியாணம் கட்டி இருபத்தேழு வருசம். இந்த மனுசனோட நான் பிடிச்ச சண்டையில அரைவாசி யன்னலாலதான் வந்தது எண்டு சொன்னால் ஆரும் நம்பமாட்டினம். அதுக்குள்ள மோசமான சண்டை போன விண்டரில வந்தது. அது எங்கட வீட்டு யன்னல்கூட இல்லை. மாட்டுக்கொட்டில் யன்னல்.

நாங்கள் இருக்கிறது பீல் எண்ட நகரத்துக்கு மேல, மலைச்சரிவில நிக்கிற ஒரு பண்ணைவீட்டின்ர மேல்மாடியில. இவர் கீழ பீலில மணிக்கூட்டுத் தொழிற்சாலையில வேலை. விடிய அஞ்சு மணிக்குப் போனால் பின்னேரம் மூண்டு மணிக்கு வந்திடுவார். நான் முதல் எங்கடின் எண்ட மலைப்பக்கத்தில ஹோட்டல் அறை துப்பரவாக்கினன், பிறகு ஓர்லிகோன் எண்ட இடத்தில முதியோர் இல்லத்துச் சமையலறையில கோப்பை கழுவினன். இவருக்குப் பீலில வேலை கிடைச்சதாலதான் இஞ்சை வந்தம். கீழ்வீட்டில பண்ணைக்காரர். அறுபது தாண்டின மனுசன், கலியாணம் கட்டேல்லை, ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல கதைக்கமாட்டார். சும்மா உதவிக்கு எண்டு கொட்டிலுக்க இறங்கின நான், ஆறு வருசமா அவரிட்டைச் சம்பளத்துக்கு நிக்கிறன். ஊரில எங்கட வீட்டிலயும் மாடு நிண்டதுதான். நான் அதுக்குக் கிட்டவும் போனதில்லை, பாலைக் குடிச்சது மட்டும்தான்.

எங்கட பண்ணையில பால்மாடு இல்லை. பள்ளத்தாக்கில பால்மாடு வைச்சிருக்கிற ஆக்கள், இன்னும் கன்று போடாத தங்கட நாகுகளை இலை கொட்டுற காலத்தில கொண்டுவந்து எங்களிட்டை விடுவினம். விண்டர் முழுக்க நாங்கள் அதுகளைக் கொட்டிலில வைச்சுப் பாத்து, மே கடைசியில மலை மேய்ச்சலுக்கு ஏத்தி அனுப்பவேணும். போன முறை பதினெட்டு நாகு வந்தது. பதினெட்டும் பதினெட்டு விதம். ஒண்டு தண்ணித் தொட்டிக்க சாணகம் போடும், ஒண்டு என்ர ஜாக்கெட்டைச் சப்பும், ஒண்டு மற்றதுகளைச் சாப்பிட விடாது. பள்ளிக்கூடம் நடத்துறதுதான்.

தை மாதம் பண்ணைக்காரருக்கு இடுப்பு மூட்டு மாத்துற ஒப்பரேசன் எண்டு முடிவாச்சு. போறதுக்கு முதல் நாள் என்னைக் கொட்டிலுக்குக் கூப்பிட்டார்.

"இனிக் கொட்டில் உங்கட பொறுப்பு. பதினெட்டும் சுகமா மலைக்கு ஏறினால் வாற விண்டரிலயிருந்து கொட்டிலை உங்களுக்கே குத்தகைக்குத் தாறன். இல்லாட்டி வேற ஆள் பாப்பன்," எண்டார்.

எனக்கு அம்பத்தியொரு வயசு. இந்த நாட்டில மற்றாக்களின்ர கட்டிலை விரிச்சன், மற்றாக்களின்ர சட்டியைக் கழுவினன். என்ர எண்டு சொல்ல ஒரு வேலை வரப்போகுது எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை. அப்பவே மனசுக்குள்ள அந்தக் கொட்டில் என்ர கொட்டில் ஆயிட்டுது.

வாசலில நிண்டு அவர் இன்னொண்டும் சொன்னார். "யன்னல் திறந்திருக்கவேணும்."

கொட்டிலின்ர ஒரு பக்கச் சுவரில, மேல, நீளத்துக்கு யன்னல். கண்ணாடி இல்லை, பலகைக் கதவு மட்டும். விண்டரிலயும் அது திறந்துதான் கிடக்கவேணும். மாட்டுக்கு மயிர் வளர்ந்து தடிச்சிடும், கீழ விரிச்ச வைக்கல் காய்ஞ்சிருந்தால் குளிர் அதுகளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பதினெட்டு மாடு விடுற மூச்சும் மூத்திர ஆவியும் வெளியால போகாட்டி நெஞ்சில சளி கட்டும். இதை எனக்கு ஆறு வருசமா அவர் சொல்லித் தந்திருக்கிறார். நான் இவருக்கு அறுபது தரம் சொல்லியிருப்பன்.

இவரோ வேலை முடிஞ்சு வந்தால் உடுப்பு மாத்த முதலே கொட்டிலுக்கதான் நிப்பார். பையில கரட். "வாங்கோ பிள்ளை, வாங்கோ" எண்டு ஒவ்வொண்டாக் கூப்பிட்டுத் தீத்துவார். சொந்தப் பிள்ளைக்கு இப்பிடி ஒரு கரட் தீத்தினதை நான் காணேல்லை.

"இஞ்சேரும், இதுகள் நடுங்குதுகள்," எண்டுவார்.

"நடுங்குறது நீங்கள். மாடு இரை மீட்டுக்கொண்டு கிடக்குது."

"வாயில்லாச் சீவனை இப்பிடிக் குளிரில விடலாமோ? கொஞ்சம் எண்டாலும் சாத்திவிடுவம்."

"அதில கை வைச்சியளோ தெரியும்!"

தலையை ஆட்டுவார். ஆட்டிப்போட்டு அடுத்த நாள் யன்னல் மூலைக்க ஒரு வைக்கல் சாக்கைச் செருகிவிடுவார். நான் இழுத்து எறிவன். அதுக்கடுத்த நாள் ரெண்டு சாக்கு. தொழிற்சாலையில தலைமயிர்த் தடிப்பு வித்தியாசத்தையும் அளக்கிற மனுசனுக்கு இது மண்டைக்க ஏறாதோ? விசர்தான் எனக்குப் பிடிச்சது.

பண்ணைக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய் ரெண்டாம் கிழமை, பிஸ் எண்டு சொல்லுற வடகிழக்குக் காத்து இறங்கிச்சுது. அந்தக் காத்து வந்தால் மூக்கு இருக்கோ எண்டு தடவிப் பாக்கவேணும். தண்ணித் தொட்டி உறைஞ்சு, காலமையில கோடாலியால கொத்தினன். வைக்கல் கட்டு இரும்பு மாதிரி. விரல் வெடிச்சு ரத்தம். அண்டைக்குப் பின்னேரம் ரெண்டாம் முறை வைக்கல் போடப் போனால், யன்னல் பலகை எல்லாம் சாத்தி, கொளுக்கியும் போட்டுக் கிடக்குது. உள்ள இளஞ்சூடு. நாகுகள் அமைதியாப் படுத்திருக்குதுகள்.

இப்ப நான் சொல்லப்போறதைத்தான் சொல்லக் கஷ்டமா இருக்கு. நான் அதைத் திறக்கேல்லை. ஏணி எடுக்கவேணும், கை விறைச்சுப்போச்சு, உள்ளுக்க சூடு சுகமா இருந்தது. இந்தக் குளிர் போகட்டும், ஒரு நாளில என்ன வரப்போகுது எண்டு நினைச்சன். அடுத்த நாளும் அப்பிடித்தான் நினைச்சன். மூண்டாம் நாள் கதவைத் திறக்கக் கண் எரிஞ்சுது. கூரையிலயிருந்து தண்ணி சொட்டுச் சொட்டா வைக்கலில விழுது. மூலைக்க நிண்ட ஒரு கபில நிற நாகு, அதுதான் என்ர ஜாக்கெட்டைச் சப்புறது, கழுத்தை நீட்டி இருமிச்சுது. சாப்பாட்டில வாய் வைக்கேல்லை.

ஐயோ எண்டு ஏணியை இழுத்து எல்லாப் பலகையையும் திறந்தன். மிருக வைத்தியரா இருக்கிற இளம் பொம்பிளைப் பிள்ளை ஒண்டு, பிரெஞ்சும் ஜெர்மனும் கலந்து கதைக்கிறவ, மத்தியானம் வந்தா. காய்ச்சல் நாப்பத்தொரு பாகை. நெஞ்சில குழாயை வைச்சுப் பாத்திட்டு மேல யன்னலைப் பாத்தா, பிறகு ஈரமாக் கிடந்த கூரையைப் பாத்தா. ஊசி போட்டிட்டு, "மற்றதுகளுக்கும் காய்ச்சல் பாருங்கோ, காலமையும் பின்னேரமும்," எண்டு சொல்லிப்போட்டுப் போனா.

இவர் மூண்டு மணிக்குக் கரட்டோட வந்தார். வாசலிலயே பிடிச்சன்.

"பாருங்கோ! நல்லாப் பாருங்கோ உங்கட இரக்கத்தை! இது செத்துதெண்டால் என்ர கொட்டிலும் போச்சு. ஆறு வருசம் சாணகம் அள்ளினது உங்கட விசர் வேலைக்கோ?"

இவர் நாகுவைப் பாத்தார். முகம் கறுத்துப்போச்சு. மெல்லமா, "நீரும் கண்டனீர்தானே," எண்டார்.

எனக்கு வந்த கோவத்துக்கு வைக்கல் அள்ளுற முள்ளுத்தடியைத் தூக்கி நிலத்தில அடிச்சன். மூண்டு நாள் இவரோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. சாப்பாட்டை மேசையில வைச்சிட்டு எழும்பிப் போயிடுவன். கண்டதுதானே எண்டு கேக்கிறாராம்! கண்டனான்தான். அதுதான் எனக்கு விசர்.

பண்ணைக்காரர் வாறதுக்கு இன்னும் ரெண்டு கிழமை இருந்தது. கொட்டில் வாசலில ஆணியில ஒரு கொப்பி தொங்கும். எந்த மாட்டுக்கு என்ன வருத்தம், என்ன மருந்து, காரணம் என்ன எண்டு அதில எழுதவேணும். மருந்து வரைக்கும் எழுதிப்போட்டன். காரணம் எண்ட இடம் வெறுமையாக் கிடந்தது. பிஸ் காத்து எண்டு எழுதலாம். பொய்யில்லை, காத்து அடிச்சதுதானே. இல்லாட்டிப் புருசன் யன்னலைப் பூட்டினார் எண்டு எழுதலாம். அதுவும் பொய்யில்லை.

சனிக்கிழமை காலமை மகள் போன் எடுத்தாள். அவள் இப்ப ஓர்லிகோனில இருக்கிறாள், ஆஸ்பத்திரியில தாதி. தகப்பன் செய்த வேலையைக் கேள் எண்டு நான் ஒரே மூச்சில கொட்டினன். யன்னல், சாக்கு, கொளுக்கி, காய்ச்சல், ஒண்டையும் விடேல்லை. சின்னப்பிள்ளைக்குக்கூட விளங்குமே, அடைச்ச அறைக்குள்ள நெஞ்சு கெடும் எண்டு, எண்டன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மா, எங்கட பழைய ஓர்லிகோன் வீட்டில என்ர அறை யன்னலை ஆர் அடைச்சது?" எண்டாள்.

போனை மற்றக் காதுக்கு மாத்தினன்.

அந்த வீட்டில அவளின்ர அறைச் சுவர் மூலை கறுத்துப் பூஞ்சணம் பிடிச்சது. ஒரு நாளைக்கு மூண்டு தரம் யன்னலைத் திறவுங்கோ எண்டு வீட்டுக்காரர் கடிதம் போட்டினம். டொக்டரும் அதைத்தான் சொன்னார். இந்தக் குளிரில பச்சைப்பிள்ளையை வைச்சுக்கொண்டு திறக்கிறதோ, உவையளுக்கு என்ன விசரோ எண்டு யன்னல் இடுக்கெல்லாம் துவாய் செருகி, மேல போர்வையும் தொங்கவிட்டது நான். பிள்ளை மூண்டு விண்டர் இருமினாள். இவர் வந்து திறப்பார், நான் போய் அடைப்பன். அதுக்கு நாங்கள் பிடிச்ச சண்டை ஊரறியும். இவர் நினைச்சிருந்தால் கொட்டில் வாசலில வைச்சு அதை எடுத்து என்ர முகத்தில எறிஞ்சிருக்கலாம். எறியேல்லை. அந்த நல்லகுணம்தான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கூட்டிச்சுது.

போனை வைச்சிட்டு நேர கொட்டிலுக்குப் போனன். பேனை குளிரில எழுதமாட்டன் எண்டுது, வாயால ஊதி ஊதி எழுதினன். எனக்குத் தெரிஞ்ச ஜெர்மனில: யன்னல் மூண்டு நாள் பூட்டியிருந்தது. புருசன் பூட்டினார். நான் கண்டும் திறக்கேல்லை. பிழை என்னுடையது.

மற்றப் பதினேழுக்கும் காய்ச்சல் வரேல்லை. கபில நாகு பத்தாம் நாள் எழும்பிச் சாப்பிட்டுது. ஆனால் காலமையில இருமல் நிக்கேல்லை. பண்ணைக்காரர் ரெண்டு ஊண்டுகோலோட வந்து இறங்கின அண்டைக்கே கொப்பியை எடுத்தார். வாசிச்சார். திருப்பி ஆணியில கொழுவினார். நாகுவின்ர விலாவில காதை வைச்சுக் கேட்டார். "ம்," எண்டார். அவ்வளவுதான்!

அதுக்குப் பிறகு மே வரைக்கும் அதைப்பற்றி ஒரு சொல் இல்லை. பேசினாலும் பரவாயில்லை, துலைஞ்சு போ எண்டு சொன்னாலும் பரவாயில்லை. ஒவ்வொரு நாளும் காலமை வணக்கம் சொல்லுவார், பின்னேரம் வணக்கம் சொல்லுவார். இடையில நான் செத்துப் பிழைப்பன். இவையளின்ர பேசாமடந்தைத்தனம் பெரிய ஆக்கினை.

மே கடைசியில லொறி வந்தது. பதினேழு நாகு ஏறிச்சுது. பதினெட்டாவதுக்கு மலை வேண்டாம், மேடு ஏற மூச்சுக் காணாது எண்டு வைத்தியர் பிள்ளை சொல்லிட்டா. கோடை முழுக்க இஞ்சையே நிக்கட்டும் எண்டு அதின்ர சொந்தக்காரரும் விட்டிட்டார். பதினெட்டு எண்டுதானே கதை. லொறி வளைவால திரும்பேக்க, என்ர கொட்டில் போச்சு எண்டு எனக்குக் கண்ணால தண்ணி வந்தது. வைக்கல் தூசி எண்டு துடைச்சன்.

பண்ணைக்காரர் தன்ர வீட்டுக்குள்ள போய் ஒரு பழைய கொப்பியோட வந்தார். மட்டையெல்லாம் எலி அரிச்சுக் கிடந்தது. ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைச்சுக் காட்டினார். நாலு மாட்டுக்கு இருமல், ஒண்டு செத்தது. காரணம்: காலநிலை.

"காலநிலை இல்லை," எண்டார். "எனக்குக் குளிர்ந்தது, நான் பூட்டினன். அப்ப எனக்கு இருபத்தாறு வயசு. இந்தக் கொப்பியை அப்பா வாசிப்பார் எண்டு தெரியும், அதால இப்பிடி எழுதினன். அவர் சாகும் வரைக்கும் சொல்லேல்லை. வாற விண்டர் எத்தினை மாடு எடுக்கப்போறியள் எண்டு நீங்களே முடிவு எடுங்கோ. கொட்டில் உங்கட."

இவ்வளவு சொல் அவர் வாயால ஒரே தரத்தில வந்து நான் கேட்டதில்லை. நன்றி சொல்லவும் விடாமல் ஊண்டுகோலை ஊண்டிக்கொண்டு போயிட்டார்.

பிறகுதான் எனக்கு உறைச்சுது. பண்ணைக்காரருக்கு எழுதிக் குடுத்ததை, பெத்த பிள்ளைக்கு நான் இன்னும் வாயால சொல்லேல்லை. போனை எடுத்து அடிச்சன்.

"என்னம்மா, வேலையில நிக்கிறன்," எண்டாள்.

"உன்ர அறை யன்னலை நான்தான் அடைச்சனான். அப்பா திறந்தவர். நான்தான் பிழை."

அந்தப் பக்கம் பின்னால ஏதோ மெசின் கீச்சிட்டுக் கேட்டது. "பின்னேரம் எடுக்கிறன் அம்மா," எண்டு வைச்சிட்டாள்.

பின்னேரம் எடுத்தாள். கொட்டில் கிடைச்ச கதையைச் சொன்னன், சந்தோசப்பட்டாள். அவளின்ர வேலையைப்பற்றிக் கதைச்சம், தகப்பன்ர பிரஷரைப்பற்றிக் கதைச்சம். யன்னல் கதையை ரெண்டு பேரும் எடுக்கேல்லை. போனை வைக்கப்போற நேரம்தான் கேட்டாள்.

"அந்த நாகு இப்பவும் இருமுதோ அம்மா?"

"காலமையில மட்டும்," எண்டன்.

"ம். எனக்கும் காலமையில மட்டும்தான்," எண்டாள்.