வாசலிலேயே தீர்ந்த கட்டுச்சோறு

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து நான் தூங்குவதில்லை. கண்ணை மூடுவேன், காது மட்டும் அவர் மூச்சிலேயே இருக்கும். மூச்சு கொஞ்சம் இழுத்தால் போதும், எழுந்து லைட்டைப் போட்டுவிடுவேன். பகலில் ஜனக்புரியில் பேங்க் கவுன்ட்டர், ராத்திரி இந்தக் காவல். உடம்பு அடித்துப் போட்டாற்போல் ஆகிவிட்டது.

டாக்டர் அவரை நடக்கச் சொல்லியிருந்தார். நான்தான் தெருமுனை பார்க்கைத் தாண்டி விடவில்லை. அதற்கும் பின்னாலேயே போவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆரவல்லிக் காட்டுப் பூங்காவுக்குப் போவோம்ட்டி. ஒரு சுத்து முழுசா நடந்துட்டேன்னா, நாளைலருந்து என்னை என் போக்குல விட்டுரணும்."

சரி என்றேன். மறுத்துப் பேசவும் தெம்பில்லை.

வெளியே கிளம்பினால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்குப் பொரியல் என்று விடியுமுன்னே எழுந்து செய்து, கூடையைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவிலும் ஆட்டோவிலும் போய் இறங்கினேன். வாசலில் காவலாளி கூடையைக் காட்டித் தலையாட்டினார்.

"கானா அந்தர் நஹீ, ஆன்ட்டிஜி. பந்தர் ஹை."

சாப்பாடு உள்ளே கூடாதாம், குரங்குத் தொல்லையாம். தன் அறையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வைத்துவிட்டுப் போகிறதாவது! தயிர்சாதம் புளித்துப் போகாதா? வாசலோரக் கல்லில் உட்கார்ந்து காலையிலேயே மதியச் சாப்பாட்டை முடித்தோம். அவருக்கு அளவாகத்தான் போட்டேன். காவலாளிக்கு ஒரு மூடி தயிர்சாதம். மிச்சமெல்லாம், வீணாகக் கூடாதே என்று, என் வயிற்றுக்குள் போனது.

உள்ளே கீக்கர் முள்மரங்கள், புழுதித் தடம். எங்கோ மயில் அகவியது. அகவட்டும், எனக்கென்ன! கண் சொருகியது. முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். "ரெண்டு நிமிசம் இருங்க, வாரேன்" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

விழித்தபோது வெயில் முகத்தில் சுட்டது. என் தலைக்கடியில் அவர் ஸ்வெட்டர் மடித்து வைத்திருந்தது. அவரைக் காணோம். பாவி, தூங்கிவிட்டேனே! அவருக்குப் போன் அடித்தேன், அவர் போன் என் பைக்குள்ளேயே மணியடித்தது. செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் தடத்தில் ஓடினேன்.

வளைவில் எதிரே வந்துகொண்டிருந்தார். மெதுவாக, கையை வீசிக்கொண்டு.

"கூறு இருக்கா உங்களுக்கு? என்னை எழுப்பியிருக்கலாம்லா? வழியில ஏதாவது ஆகியிருந்தா?"

"ஒரு சுத்து முடிச்சுட்டு எழுப்பத்தான் வந்தேன்" என்றார். "வாயைத் தெறந்துக்கிட்டுக் கொறட்டை விட்டுக்கிட்டிருந்த. எத்தனை நாளாச்சு நீ இப்படித் தூங்கி! எழுப்ப மனசு வரல. அதான் இன்னொரு சுத்து போயிட்டு வாரேன்."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நடுத்தடத்தில் நின்று அழுதேன். ஜாகிங் போன ஒரு பெண் எங்களைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

திரும்பும்போது கூடையைக் கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவரை ஒரு தண்ணீர்க் குடம்கூடத் தூக்க விட்டதில்லை. கொடுத்தேன். மெட்ரோவில் இடம் கிடைத்ததும், "ஸ்டேஷன் வந்தா எழுப்புங்க" என்று சொல்லிவிட்டு அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.