கம்பி கட்டிய அடுப்பு

போன செவ்வாய்க்கிழமை காலை, திருப்பாதிரிப்புலியூர்க் கடையில் கரி சலித்துக்கொண்டிருந்தேன். சிதம்பரத்திலிருந்து லூர்து போன் செய்தாள். “அவுரு போயிட்டாரு மாமா. நெஞ்சு வலின்னு ஒக்காந்தாரு, அவ்ளோதான்.” அவள் புருஷன் அந்தோணிக்கு நாற்பத்திரண்டு வயதுதான். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். அவன் சுட்ட பீட்சாவைத் தின்றவர்கள் நீங்கள். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாயிரத்து ஒன்பதில் துபாயிலிருந்து வந்தவன், கப்பலில் ஒரு பீங்கான் அடுப்பையும் கொண்டுவந்தான். பெரிய முட்டைக்கு மூடி போட்டதுபோல இருக்கும். என் கடையில் கட்டிக் கரியாகப் பார்த்துப் பொறுக்கினான். “தூளு போட்டா காத்து ஏறாது மாமா.” அப்படித்தான் பழக்கமானோம்.

மஞ்சக்குப்பத்தில் அவன் வீட்டுக் கொல்லையில் முதல் தடவை சுட்டபோது, தீ பிடித்ததுமே மாவைப் போடச் சொல்லி நச்சரித்தேன். போட்டான். மேலே சீஸ் கொதித்தது. அடி மாவு பச்சையாக, அடுப்புக்குள் தணலுக்கு மேல் வைத்திருந்த கல்லோடு ஒட்டிக்கொண்டது. “கல்லு சூடாவ அரை மணி நேரம் ஆவும். மாவுக்கு அவசரமில்ல மாமா, ஒங்களுக்குத்தான் அவசரம்” என்று சிரித்தான்.

சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு கடை காலியாக இருந்தது. இடத்துக்காரர், தின்று பார்த்துவிட்டுத்தான் பேசுவேன் என்றார். அது அமையாவிட்டால் அந்தோணி மறுபடி துபாய்க்குப் போக வேண்டும். விசா வந்து கிடந்தது. லூர்து நிறைமாதம்.

அவர் ஒருநாள் நான்கு மணிக்கு மஞ்சக்குப்பம் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு. மதியமே ஒன்று சுட்டுப் பார்த்தோம், நன்றாக வந்தது. அவன் மாவு உருட்ட உள்ளே போனான். நாற்பது வருஷம் கரி விற்ற எனக்கு, தணல் சும்மா எரிவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எங்கள் வீடுகளில் சமையல் முடிந்ததும் தண்ணீர் விட்டு அணைத்து, கரியை மிச்சம் பிடிப்போம். ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். டப்பென்று ஒரு சத்தம். மேலிருந்து அடிவரை விரிசல்.

ஓடிவந்து பார்த்தான். “என்னங்க சத்தம்?” என்றாள் லூர்து உள்ளிருந்து. “கப்பல்ல இடிபட்ட எடம், இப்ப வுட்டுக்கிச்சு. நீ படு.” பிறகு என்னிடம் மெதுவாக, “தண்ணி எதுக்கு மாமா? மூடிய மூடி, மேலயும் கீழயும் காத்த அடைச்சா தானா அணையும். கரியும் அப்படியே இருக்கும்” என்றான். திட்டியிருக்கலாம்.

அடுப்பைச் சுற்றிக் கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டு மறுபடி தீ மூட்டினான். விரிசல் வழியே காற்று ஏறி, தணல் சீறியது. அந்தச் சூட்டில் அடி கருகிவிடும். பிரியாணி குண்டானுக்கு மாவு பூசி தம் போடுவதுபோல, இருந்த இரண்டு உருண்டையில் ஒன்றை விரிசலில் அப்பினான். மிஞ்சியது ஒரே உருண்டை.

இடத்துக்காரர் வந்து உட்கார்ந்தார். அந்தோணி மாவை விரித்து, தக்காளி தடவி, சீஸ் தூவி, கல்லில் தள்ளி மூடினான். அப்பிய மாவு வெடித்து உதிர ஆரம்பித்தது. பதறிப்போய் மூடியில் கை வைத்தேன். “தொறக்காதீங்க மாமா, தீ மூஞ்சில பாயும்” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. கொஞ்ச நேரம் கழித்து அவனே மூடியை ஒரு விரற்கடை தூக்கி, உள்சூட்டை வெளியே விட்டு, பிறகு முழுக்கத் திறந்தான். ஓரம் உப்பியிருந்தது. அடியில் ஒரு பக்கம் கருகல்.

இடத்துக்காரர் இரண்டு துண்டு தின்றார். மூன்றாவதை எடுத்துக்கொண்டு, “என்னப்பா, அடுப்புல கம்பி?” என்றார்.

“கப்பல்ல இடிபட்டுடுச்சு சார்.” என் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

கடை அமைந்தது. அந்த அடுப்பில்தான் மூன்று வருஷம் உங்களுக்குச் சுட்டான். கேட்டவர்களிடமெல்லாம் கப்பலையே சொன்னான். அடக்கத்தன்றும் யாரோ அந்தக் கப்பல் கதையைச் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். லூர்து, தண்ணீர் ஊற்றியது நான்.

இப்போதெல்லாம் மிஞ்சிய தணலை மூடி போட்டுத்தான் அணைக்கிறேன். அந்தப் பழக்கம் அவன் கொடுத்தது. சொம்பைத் தொடுவதில்லை.