மீள்பார்வை என்று எழுதிய நாட்கள்

மீட்டர்காரருக்கு உட்காரத் தெரியாது என்பது அவர் மனைவியின் நெடுநாள் குற்றச்சாட்டு. இருபத்தேழு வருடமாக நகராட்சிக்காக வீடு வீடாகப் போய், குனிந்து தண்ணீர் மீட்டரின் மூடியைத் திறந்து, எண்ணைப் பார்த்து எழுதி, நிமிர்ந்து, அடுத்த வீட்டுக்கு நடந்து பழகிய கால்கள். சாப்பிடும்போதுகூட ஒரு குதிகால் ஆடிக்கொண்டே இருக்கும். அவளோ சீருடை தைக்கும் ஆலையில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவள். வீட்டுக்கு வந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். இருவரும் சேர்ந்து நின்று பேசியதும் இல்லை, சேர்ந்து உட்கார்ந்து பேசியதும் இல்லை என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள்.

அவருடைய தடத்தில் கடைசிக் கட்டிடம் நகராட்சிப் பள்ளி. ஏழு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் அங்கே மீட்டர் பார்க்கப் போனவர், தலைமையாசிரியை நடைபாதையில் நின்றுகொண்டு நாலாம் வகுப்புக்கு ஒரு வாசலிலும் ஐந்தாம் வகுப்புக்கு எதிர் வாசலிலுமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பாடம் நடத்துவதைப் பார்த்தார். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். பதிலுக்கு யாரும் வரவில்லை. பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒவ்வொருவராக வேறு பள்ளிக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார்கள். நகராட்சி அலுவலகச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது: பள்ளிக்கு உதவ முன்வருவோர் பெயர் தரலாம். குழாய்க்காரர் ஒருவர் வந்து கழிப்பறையைச் சரிசெய்து கொடுத்தார். மருந்துக்கடைக்கார அம்மா வாரம் ஒரு நாள் வந்து கதை வாசித்துக் காட்டினார். மீட்டர்காரர் தினமும் மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை கணக்குப் பாடம் நடத்துவதாகக் கையெழுத்துப் போட்டார். எட்டாவது வரை படித்தவர். ஒரு மாதம்தானே என்று நினைத்தார்.

அவர் தொழிலில் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. நாய் இருந்தாலும், மழை பெய்தாலும், வீடு பூட்டிக் கிடந்தாலும் அந்த வீட்டுக்கு நேரே ஏதாவது எழுதியாக வேண்டும். பூட்டு என்றாவது எழுத வேண்டும். வகுப்புப் பதிவேட்டையும் அவர் அப்படித்தான் வைத்துக்கொண்டார். தேதி, வந்தவர் எண்ணிக்கை, நடத்திய பாடம். ஒரு நாள் தவறவில்லை. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

பின்னம் வரும்வரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னபோது பிள்ளைகள் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினார்கள். தப்பு என்று அவருக்குத் தெரியும். சரியான விடையும் தெரியும். ஏன் தப்பு என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அது அப்படித்தான் என்றார். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை என்பதை அவர் கவனித்தார். மறுநாள் பின்னத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நாலிலக்கக் கூட்டலுக்கே திரும்பினார். பதிவேட்டில் 'மீள்பார்வை' என்று எழுதினார். அதற்கு அடுத்த நாளும் அதையே எழுதினார். பூட்டிய வீட்டுக்குப் 'பூட்டு' என்று எழுதுகிறவருக்கு, இந்த வார்த்தை பூட்டை மறைக்கிறது என்பது தெரியாமல் இல்லை. இரண்டு வாரத்தில் அது பழகிப்போயிற்று. மனிதனுக்குப் பழகாதது எது.

இந்த வருடம் நகராட்சிக்கு ஒரே ஒரு ஆசிரியர் இடம் ஒதுக்கப்பட்டது. கேட்டவை இரண்டு பள்ளிகள்: இதுவும், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதும். பள்ளிக்கூடத்தில் நடந்த பொதுக் கூட்டத்தில் நகராட்சியின் கல்விக்குழுத் தலைவி மீட்டர்காரரின் பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார். ஒரு நாள்கூட வகுப்பு நின்றதில்லை, ஊழியர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். மீட்டர்காரர் எழுந்து வணங்கினார். பிறகு தலைவி, இங்கே வகுப்பு நன்றாக நடப்பதால் அந்த இடத்தைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொடுக்கலாம் என்று குழு நினைப்பதாகவும், வியாழக்கிழமை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகவும் சொன்னார். கைதட்டாமல் இருந்தவர் தலைமையாசிரியை ஒருவர்தான்.

வாசலில் அவர் மீட்டர்காரரை நிறுத்தினார்.

"நீங்க நல்லாப் பண்ணிட்டீங்க சார். அதான் இப்ப பிரச்சினை."

பிறகு, வியாழக்கிழமை ஒரு நாள் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றார். வகுப்பு காலியாக இருந்தால்தான் ஆசிரியர் இடம் காலியாக இருப்பது தெரியும். அதைச் சொல்லும்போது தலைமையாசிரியை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீட்டர்காரருக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. குழாய் உடைந்த இடத்தில் ஒருவன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிற மாதிரிதான் தன் நிலை என்று தோன்றியது. வந்து பார்க்கிறவர்கள் தண்ணீர் ஒழுகவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். கையை எடுத்துக் காட்டுவதா? எடுத்தால் அந்த இரண்டு மணி நேரம் இருபத்திரண்டு பிள்ளைகள் எதிரே யாருமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதுவும் நாடகம். பாலத்துக்கு அந்தப் பக்கம் வகுப்பு உண்மையாகவே காலியாக இருக்கிறது. அங்கே நடிக்கத் தேவையே இல்லை. அதையும் அவரால் மறக்க முடியவில்லை.

அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே மனைவியிடம் சொன்னார். அவள் நாற்காலியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பொய் லீவு உங்களுக்கு ஒத்துவராது. அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சு ஓடிப்போய் ஜன்னல் வழியா எட்டிப் பாப்பீங்க."

"கிண்டல் பண்ணாத. என்ன பண்ணட்டும்னு சொல்லு."

"நான் ஒண்ணு கேக்கறேன். இத்தன மாசமாப் போறீங்களே, புள்ளைங்களுக்குக் கணக்கு வருதா?"

"ஒரு நாள் தவறாமப் போறேன்."

"எத்தன சட்டை தச்சேன்னு நான் கேக்கல. போட்டா பொருந்துதான்னு கேக்கறேன்."

அவர் நடப்பதை நிறுத்தினார். பிறகு வெளியே போய்த் தெருவை இரண்டு முறை சுற்றிவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை காலையில் ஒரு வீட்டு மீட்டர் எண்ணைப் பக்கத்து வீட்டுக்கு எழுதிவிட்டார். இருபத்தேழு வருடத்தில் நேராத தவறு. நாலு தெரு திரும்பிப் போய்த் திருத்தினார். பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது ஒன்றடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. தலைமையாசிரியை அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வகுப்பில் கல்விக்குழுத் தலைவியும், கோப்போடு ஒரு அதிகாரியும் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். தலைவி அவரை வரவேற்று, பாடத்தைத் தொடங்கச் சொன்னார்.

அவர் பலகையருகே போகவில்லை. மேசையிலிருந்து பதிவேட்டை எடுத்துத் தலைவியிடம் நீட்டி, 'மீள்பார்வை' என்று இருக்கும் நாட்களை எண்ணச் சொன்னார். அதிகாரி எண்ணினார். அறுபத்து மூன்று.

"அந்த அறுபத்து மூணு நாளும் நான் பாடம் நடத்தல மேடம். தெரிஞ்ச கூட்டலையே திரும்பத் திரும்பப் போட வச்சேன்."

"உங்க மேல யாரும் புகார் சொல்லலையே. நீங்களா ஏன் இப்படிச் சொல்றீங்க?"

"புகார் சொல்ற அளவுக்கு யாரும் உள்ள வந்து பாக்கல."

பிறகு பலகையில் அரையையும் மூன்றில் ஒன்றையும் எழுதிக் கூட்டச் சொன்னார். இருபத்திரண்டு சிலேட்டுகளும் உயர்ந்தன. பத்தொன்பது சிலேட்டில் ஐந்தில் இரண்டு என்று இருந்தது. தப்பு என்று தன்னால் சொல்ல முடியும், ஏன் என்று சொல்ல வராது, அதற்கு ஒரு ஆசிரியர் வேண்டும் என்றார் மீட்டர்காரர். அதிகாரி கோப்பைப் புரட்டியபடி, தனக்கும் அது உடனே ஞாபகம் வரவில்லை என்று மெல்லச் சொன்னார். தலைவி சிரிக்கவில்லை.

"அப்ப இந்த வகுப்பு நடக்கலைன்னு எழுதிக்கட்டுமா?"

"நடக்குது மேடம். போய்ச் சேரல. அப்படி எழுதிக்குங்க."

விஷயம் தெருவுக்குப் போய்ச் சேர ஒரு நாள்கூட ஆகவில்லை. மறுநாள் ஒரு வீட்டு வாசலில் ஐந்தாம் வகுப்புப் பெண்ணின் அப்பா, வாத்தியாருக்கே கணக்கு வராதாமே என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டு மீட்டர்காரர் மூடியைத் திறந்தார். அன்று மத்தியானமும் வகுப்புக்குப் போனார். தலைமையாசிரியை ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பள்ளியின் மானமும்தான் அன்று பலகையில் ஏறியிருந்தது.

உத்தரவு பன்னிரண்டாம் நாள் வந்தது. ஒரே ஆசிரியை, வாரத்தில் மூன்று நாள் இங்கே, இரண்டு நாள் பாலத்துக்கு அந்தப் பக்கம். மற்ற நாட்களில் இரு பள்ளிகளிலும் தன்னார்வலர்கள் வர வேண்டும். இதை நியாயம் என்று சொல்ல மனம் வரவில்லை. இரண்டு குழந்தைக்கு ஒரு சட்டை என்பது போலத்தான். ஆனாலும் போன மாதம் அந்த ஒரு சட்டையும் இல்லை.

ஆசிரியை திங்கட்கிழமை வந்தார். புதன்கிழமை பள்ளி விட்டதும் நடைபாதையில் மீட்டர்காரரைப் பிடித்தார். நாளை இங்கே மீட்டர்காரர் முறை, ஆசிரியைக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம். பதிவேடு ஆசிரியையின் கையில் இருந்தது.

"இதுல பாடம் இருக்கு, தேதி இருக்கு. புள்ளைங்களப் பத்தி ஒண்ணுமே இல்லையே?"

"அதுக்குக் கட்டம் இல்ல டீச்சர்."

"கட்டம் கெடக்கட்டும். சொல்லுங்க."

அவர் யோசித்தார். ஜன்னலோரப் பெண்ணுக்கு விடை முதலில் வந்துவிடும், ஆனால் பலகைக்குக் கூப்பிட்டால் மறந்துபோகும். அவளை மூன்றாவதாகக் கூப்பிட வேண்டும். குட்டையன் எண்களைத் திருப்பி எழுதுவது அசட்டையால் இல்லை, அவன் இடது கண்ணை ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். இரட்டையர் இருவரையும் பிரித்து உட்காரவைத்தால் ஒருத்தி பேசவே மாட்டாள். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. இவ்வளவும் தனக்குத் தெரியும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. இதையெல்லாம் தெரிந்துவைத்திருப்பது வேலை என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

ஆசிரியை பதிவேட்டின் பின்னட்டையைத் திருப்பி எழுதிக்கொண்டே வந்தார். ஆசிரியை பிடிக்க வேண்டிய, பாலத்துக்குப் போகும் பேருந்து நாலரைக்கு. மணி நாலு இருபது.

"இன்னும் எத்தன பேர் இருக்காங்க?"

"பதினெட்டு."

"நடந்துகிட்டே சொல்லுங்க," என்றார் ஆசிரியை.