பாயின் கத்தியில் நான் கண்ட முத்திரை

பழைய அரபுக் கத்திகளைப் பற்றி நாலு வீடியோ பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தறிக்கு ஜரிகை தருகிற பாயின் கடையில், அவர் தாத்தா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த வளைந்த கத்தி இருக்கிறது. பழம்பொருள் சேகரிக்கும் சென்னைக்காரர் ஒருவர் அதைப் பார்க்க வந்தபோது, பட்டு இழை எண்ணும் லென்ஸோடு நான் முந்திக்கொண்டேன்.

பிடிக்குக் கீழே செம்மஞ்சளாக ஒரு வட்டம்.

“சார், இது அரண்மனைக் கொல்லர் முத்திரை!” என்று கால் மணி நேரம் விளக்கினேன்.

அவர் நகத்தால் சுரண்டினார். முத்திரை உதிர்ந்தது. சந்தனம் மணத்தது.

“போன ஆயுத பூஜைக்கு உன் தறிக்குப் பொட்டு வச்ச கையோட, இங்க வந்து தராசு, கத்திரி, இந்தக் கத்தி எல்லாத்துக்கும் வச்சிட்டுப் போனியேப்பா” என்றார் பாய்.

“அப்பவே தொடச்சிருக்கலாமே பாய்?”

“ஆசையா வச்ச. எப்படிப்பா தொடைக்கிறது?”

பொட்டு இருந்த இடத்தில் பொடியாக அரபு எழுத்துகள் தெரிந்தன. செய்தவரின் பெயர். பாய்தான் வாசித்துச் சொன்னார். அந்தப் பெயரை ஒரு வருஷம் மூடி வைத்திருந்த நிபுணர் நான்தான்.

இந்த ஆயுத பூஜைக்கும் அந்தக் கத்திக்குப் பொட்டு வைத்தேன், எழுத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி. இடம் காட்டியது பாய்.