ஒன்றரைச் சுற்று

டர்போவைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்று நயினார் அதை மடியில் வைத்துக்கொண்டு, காற்று உள்ளே போகிற வாயில் தன் வாயைக் குவித்து ஊதினார். உள்ளே இருந்த சின்ன விசிறி சத்தமில்லாமல் சுழன்றது. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஊதினாலே சுத்துது பா," என்றார். சுழற்சி நிற்கும்வரை காத்திருந்துவிட்டு மறுபடியும் ஊதினார்.

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில் வைத்திருந்தார் அவர். பூர்வீகம் மேல்சித்தாமூர்ப் பக்கம், சமணக் குடும்பம். ஊரில் எல்லோருக்கும் அவர் நயினார்தான், எனக்கும் அப்படித்தான். பொழுது சாய்ந்தால் ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டார். என் பட்டறைக்கு வரும்போது தண்ணீரைக்கூட வீட்டிலேயே வடிகட்டி எடுத்து வருவார். காரின் பானெட்டைத் திறந்தால் உள்ளே பல்லி, எலி ஏதும் ஒண்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய விடுவார். இப்படிப்பட்டவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் மேல் எப்படி ஆசை வந்தது என்று மார்க்கெட்டில் கேலி உண்டு. நானும் ஒருமுறை கேட்டேன். "நான் எங்க பா வேகமா போறேன்? அது போவும்னு தெரிஞ்சா போதும்," என்றார்.

பெங்களூரில் ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய ஜப்பான் கார் அது. இரண்டே கதவு, தரையை ஒட்டின உடம்பு, பின்சக்கரம் தள்ளுகிற வண்டி. வேகத்தடை வந்தால் வயிறு இடிக்கும் என்பதால் நயினார் ஏறக்குறைய நின்று, வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். பின்னால் வருகிற பஸ்காரர்கள் ஹாரன் அடித்து வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் கண்ணாடியை இறக்கி, "போங்க சார், போங்க," என்பார்.

அந்த இன்ஜினுக்கு டர்போ கிடையாது. வெளியிலிருந்து கிட் வாங்கி மாட்டலாம் என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. செல்போனில் இரவல் அறிவாக நிறைய சேர்த்து வைத்திருந்தார். சைலன்சருக்குப் போகிற புகையை மறித்து, அதை வைத்தே ஒரு விசிறியைச் சுற்றவிட்டு, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்புவதுதான் டர்போ. காற்று கூடினால் பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் பலம் கூடும். கம்பெனியே டர்போ வைத்துச் செய்கிற வண்டியில் எல்லாம் அதற்கென்று அளவெடுத்துச் செய்திருப்பார்கள். நாம் மாட்டுகிற கிட்டில் ஒவ்வொன்றும் இழுபறி. மூன்று வாரம் ஆயிற்று எனக்கு. எண்ணெய்க் குழாய் ஒரு விரல் நீளம் குறைந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் வைக்கிற கூலர் பம்பரில் இடித்தது. இதுவரை நான் செய்த வேலைகளிலேயே பெரிய வேலை அதுதான். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை அப்படி ஒன்றைச் செய்த மெக்கானிக் வேறு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அது மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது.

கடைசியில் சென்னையிலிருந்து லேப்டாப்போடு ஒருவர் வந்து பெட்ரோல் அளவுகளைச் சரிசெய்தார். காற்றின் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் பேனா மூடி அளவுக்கு ஒரு திருகு உண்டு. எவ்வளவு வைக்கலாம் என்று அவர் கேட்டார். "ஆறு பவுண்டு போதுங்க," என்றார் நயினார். "அதுக்கு மேல வேணாம். எனக்கு அந்த விசில் சத்தம் வந்தா போதும்."

விசில் வந்தது. மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை மெல்ல அழுத்தினால் ஒரு நொடி ஒன்றும் நடக்காது. பிறகு தூரத்தில் யாரோ உதடு குவித்து ஊதுவது போல ஆரம்பித்து, அதோடு சேர்ந்து முதுகை இருக்கை தள்ளும். அந்த ஒரு நொடியை அவர் மனப்பாடமாக்கி வைத்திருந்தார். "இப்ப வருது பாரு," என்பார், சரியாக வரும். தொல்லைகளுக்கும் குறைவில்லை. பானெட் சூட்டில் ஒயர்களின் உறை உருகும், கிளட்ச் வழுக்கும். ஒருமுறை கண்டமங்கலம் தாண்டிக் காற்றுக்குழாய் கழன்று வண்டி செத்துவிட்டது. இருவரும் புளியமரத்து நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். "வண்டிய வாங்கிக்கினு தள்ளிக்கினு போறது ஒரு பேஜாருதான்," என்று சிரித்தார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

புதுச்சேரி போகிற வழியில் ஒரு டீக்கடை முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படிப்பட்ட வண்டிக்காரர்கள் கூடுவார்கள். ஒரு ஞாயிறு நயினார் என்னையும் அழைத்துப் போனார். "நம்ம மெக்கானிக் பண்ணது," என்று எல்லோரிடமும் காட்டினார். மஞ்சள் கார் வைத்திருந்த ஒருவன் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டு ஒரு சுற்றுப் போய் வந்தான். இறங்கி, சாவியை நீட்டிக்கொண்டே, "அங்கிள், டர்போ இருக்குதா, இல்ல விசில் மட்டும் மாட்டி வச்சிருக்கீங்களா?" என்றான். கூட்டம் சிரித்தது. நயினாரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்த வாரமே ஆயில் மாற்ற வண்டி வந்தது. ஆயில் மாற்றினேன். பிறகு அந்தத் திருகை வலப்பக்கமாக ஒன்றரைச் சுற்று திருப்பினேன். ஆறு இருந்தது பத்தைத் தொட்டிருக்கும். அவரிடம் சொல்லவில்லை. அவரே உணர்ந்து ஆச்சரியப்படட்டும் என்று செய்ததாகப் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்தப் பையன் சிரித்தது என் வேலையைப் பார்த்து. அதுதான் காரணம்.

நான்கு நாள் கழித்துக் காலை எட்டு மணிக்கு அவரிடமிருந்து போன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. "வண்டி என் பேச்ச கேக்கல பா," என்றார். எங்கே என்று கேட்டேன். மரக்காணம் ரோடு என்றார். மறுபடியும், "என் பேச்ச கேக்கல," என்றார்.

சவுக்குக்கட்டை ஏற்றிய டிராக்டரை முந்துவதற்கு வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறார். எப்போதும் அழுத்துகிற அளவுதான் அழுத்தியிருக்கிறார். அந்த ஒரு நொடிக்குப் பிறகு வந்தது அவருக்குப் பழக்கமான பலம் இல்லை. ஈரத் தாரில் பின்சக்கரம் இரண்டும் வழுக்கி, வண்டி பக்கவாட்டில் திரும்பி, எதிர்ப்பக்கம் திண்டிவனம் பஸ்ஸுக்கு மீன்கூடையோடு நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணை அடித்துத் தூக்கியது. மரக்காணத்துப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துப் பெண்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போனது என்று பிறகு தெரிந்தது. ரோட்டில் கூட்டம் நின்றது. நடுவில் நயினார் குந்தி உட்கார்ந்து, சிதறிக் கிடந்த மீன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாளில் மீனைத் தொட்டறியாத கை. யாரோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், ஒருவன் முதுகில் அடித்தான். அவர் திரும்பவில்லை. அடுத்த மீனுக்குக் கையை நீட்டினார்.

காரை இழுத்துக்கொண்டு போய் ஸ்டேஷன் வளாகத்தில் விடும்படி போலீசார் என்னிடமே சொன்னார்கள். விட்டேன். காவலுக்கு இருந்தவர் உள்ளே போனதும், நசுங்கிய பானெட்டைத் தூக்கி, திருகை இடப்பக்கமாக ஒன்றரைச் சுற்று திருப்பினேன். பத்து நொடிகூட ஆகவில்லை. மறுநாள் வண்டி ஆய்வாளர் வந்து பிரேக், டயர் எல்லாம் பார்த்தார். "டர்போ எவ்ளோ வச்சிருக்க?" என்றார். "ஆறு சார். அதுக்கு மேல வேணாம்னு அவரே சொல்லிட்டாரு," என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. திருகும் அப்போது ஆறில்தான் நின்றது.

வழக்கு இரண்டு வருடத்துக்கு மேல் நடந்தது. வண்டியில் கோளாறு என்று வாதாடலாம், வெளியில் மாட்டிய சாமான்தானே என்று வக்கீல் சொன்னார். நான் கோர்ட்டு வராந்தாவில் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். நயினார் என் தோளில் கை வைத்தார். "வண்டில ஒரு கொறையும் இல்ல சார். இவன் வேலை அப்படி. தப்பு என் கால்ல," என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒரு வருடம் தண்டனை. கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

ஒருமுறை பார்க்கப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். பஸ்ஸில் போகும்போதே வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். கம்பிக்கு அந்தப்பக்கம் இளைத்துப்போய் நின்றார். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். "பொழுதோட போட்டு பூட்டிடறான் பா. எனக்கு தோதா இருக்குது," என்று சிரித்தார். அடுக்கி வைத்ததைச் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன்.

வெளியே வந்த பிறகு அவர் எந்த வண்டியையும் ஓட்டவில்லை. மில்லுக்கு நடந்தார், வெளியூருக்கு பஸ்ஸில் போனார். ஒரு மத்தியானம் பட்டறைக்கு வந்தார். கோர்ட்டிலிருந்து மீட்ட கார் மில் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. "யாருக்கும் விக்க வேணாம். பிரிச்சு ஒடச்சிடு," என்றார். நான் மில்லுக்குப் போய்ப் பிரித்தேன். அவர் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திருகு கைக்கு வந்தபோது நான் சொல்லிவிட்டேன். ஏற்றியதையும் இறக்கியதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் திருகை என்னிடமிருந்து வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, "எத்தன சுத்து?" என்றார்.

"ஒன்றரைங்க."

"அன்னிக்கி அது வேற மாதிரி வந்துச்சு. எனக்கு தெரிஞ்சுது. நாமதான் அதிகமா மிதிச்சிட்டோம்னு நெனச்சுக்கினேன்." தன் வலது காலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தரையில் ஊன்றி, மறுபடி பார்த்தார். "இத்தன வருசமா இந்தக் கால வெட்டிப் போட்டா என்னன்னு இருந்தேன் பா."

நான் அவர் காலில் விழப் போனேன். விலகிக்கொண்டார். "என்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? அந்த வூட்டுல போய் சொல்லு," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அன்றே போயிருப்பேனோ என்னவோ. அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகு அவர் என் பட்டறைப் பக்கம் வரவே இல்லை. நானும் போகவில்லை. அந்தக் குப்பத்துக்கும் போகவில்லை. அடுத்த வாரம், மழை நிற்கட்டும், பொங்கல் கழியட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டேன். எட்டு மாதம் அப்படிப் போனது. ஒரு காலையில் நயினார் மில்லில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. மாரடைப்பு. சாவுக்குப் போய்க் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். பத்துப் பன்னிரண்டு நாள் பட்டறையைத் திறக்க முடியவில்லை. பிறகு ஒரு நாள் பஸ் ஏறி அந்தக் குப்பத்துக்குப் போனேன்.

அந்தப் பெண்ணின் கணவர் வீட்டு முன்னால் கூரை நிழலில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். யார் என்று சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டர்போ என்றால் என்னவென்று எப்படி விளக்குவது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். தேவைப்படவில்லை. அவரும் இன்ஜின் வைத்துக் கடலுக்குப் போகிறவர்.

"அப்ப அவருக்கு தெரியாமலே ஏத்தி வுட்டுட்ட," என்றார்.

"ஆமாங்க."

"எங்க போட்டு இன்ஜின்ல ஒருத்தன் கைய வச்சான்னா, இன்னது பண்ணிருக்கேன்னு சொல்லிட்டுதான் கடலுக்கு அனுப்புவான்." என்னைப் பார்க்காமல், வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பிறகு அவராகவே பேசினார். ஜெயிலிலிருந்து வந்ததிலிருந்து நயினார் மாதம் ஒருமுறை பஸ்ஸில் அங்கே வந்துகொண்டிருந்தாராம். எனக்கு அது தெரியாது. யாருக்குமே தெரிந்திருக்காது. "அதோ அந்த எடத்துல வந்து நிப்பாரு. நான் போன்னு சொல்ற வரைக்கும் நிப்பாரு. ஒரு தபா மண்ண வாரி மூஞ்சில அடிச்சேன். தொடச்சிக்கினு நின்னாரு. ஒரு நாளும் உக்காருன்னு சொல்லல நான். மோட்டார தெரிஞ்ச ஆளு, மழைல அப்படி மிதிச்சானேன்னு நெனச்சு நெனச்சுதான் எனக்கு ஆத்திரம்." ஊசியை வலையில் செருகி நிறுத்தினார். "இந்த மாசம் வரல. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "வரச் சொல்லு அவர. நான் கூப்டேன்னு சொல்லு. வந்து உக்காரட்டும்."

நயினார் இறந்துவிட்டார் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னேன். எப்போது என்று கேட்டார். சொன்னேன். எட்டு மாதத்துக்கு முன்பே இங்கே வந்து சொல்லும்படி நயினார் என்னிடம் சொல்லியிருந்ததையும் சொன்னேன். அதை மறைக்க அங்கே எனக்குத் தைரியம் இல்லை.

அவர் என்னை அடித்திருக்கலாம். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். மடியில் கிடந்த வலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். நயினார் வந்து நிற்கிற இடம் என்று காட்டினாரே, அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அங்கே மணலைத் தவிர ஒன்றுமில்லை. "நீ போ," என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பஸ் வரும் ரோடு வரை நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.