பழைய அமெரிக்க ரெக்கார்டு

குன்னூர் கிளப்பில் சனிக்கிழமைதோறும் அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுப் பாடியவருக்குப் பகலில் வேலை, தேயிலை ஃபேக்டரியில் இலை எடை போடுவது. ஒல்லியான ஆள், நரைத்த மீசை. பஸ்ஸில் கம்பளிக் குல்லாவோடு வருவார். கிளப்பின் சமையலறை வாசலில் அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, கௌபாய் தொப்பியை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவார்.

தேயிலை விலை விழுந்து அந்த ஃபேக்டரி மூடப்பட்ட வாரம், செய்தி சேகரிக்கப் போன நான் அவர் பாடக் கேட்டேன். பூட்டிய ஆலைவாசலில் இலைக்கூடையோடு நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றிய ஆங்கிலப் பாட்டு. முன்வரிசையில் இருந்த ஃபேக்டரி முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"எந்த ரெக்கார்டுப்பா இது?"

"பழைய அமெரிக்க ரெக்கார்டுங்க சார்."

வெளியே அவர் குல்லா மாற்றும்போது கேட்டேன்: "அமெரிக்காவுல ஏதுங்க இலைக்கூடை? நீங்க எழுதுனதுதானே?"

"ஏனுங்க, மெதுவாப் பேசுங்க. அமெரிக்காக்காரன் பாட்டுன்னா அழுவாங்க. நான் எழுதுனதுன்னா அடுத்த சனிக்கிழமை வர வேண்டாம்பாங்க. இந்த ஒரு வேலைதானுங்க மிச்சம்."

ஃபேக்டரி மூடியதைச் செய்தியாக எழுதினேன். பாட்டைப் பற்றி எழுதவில்லை. அவரைக் காப்பாற்றுவதாகத்தான் அன்று நினைத்தேன்; அந்தப் பாட்டு இன்றும் பழைய அமெரிக்க ரெக்கார்டுதான்.