மாஸ்க் மாட்டாமல் பார்த்த ஸ்கோப்

சாய உருண்டைகளால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடும் பெயிண்ட்பால் மைதானத்தில், விளையாட்டுத் துப்பாக்கிகளுக்கெல்லாம் என் தங்கைதான் பொறுப்பு. எந்த ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று சுடும் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். மாஸ்க்குகளைக் கழுவித் துடைப்பது என் வேலை. வருகிறவர்களிடம், "அது என் தங்கச்சி" என்று கேட்காமலே சொல்லிக்கொள்வேன்.

குறி பார்க்க ஸ்கோப் மாட்டலாம் என்று முதலாளி சொன்னபோது, தேர்ந்தெடுக்கும் வேலையும் அவளிடமே வந்தது. லேசரை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கினாள். அந்த ஒளி எதிரே நிற்பவரின் மாஸ்க் கண்ணாடியைத் தாண்டிக் கண்ணுக்குள் போய்விடும். கடைசியில், துப்பாக்கியோடு ஒட்டி உட்காரும் சின்ன ஸ்கோப்பைப் பிடித்தாள். மேசையில் வைத்து, மாஸ்க் மாட்டாமலே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாம் கச்சிதம்.

முதல் கூட்டம் அவற்றோடு மைதானத்துக்குள் போனது. மிச்சமிருந்த ஒன்றைச் சுட்டுப் பார்க்க, மாஸ்க் மாட்டிக்கொண்டு குறிப்பலகைக்கு எதிரே நின்றாள். மாஸ்க்கின் தாடைப் பகுதி துப்பாக்கியில் இடித்தது. கண் ஸ்கோப்புக்கு எட்டவில்லை. அவளுடைய இடது கட்டைவிரல் மெல்ல ஏறி, மாஸ்க்கை நெற்றிப் பக்கம் நெம்பியது.

துடைத்துக்கொண்டிருந்த மாஸ்க்கைக் கீழே வைத்தேன்.

"ஏய், மாஸ்க்க ஏன்டி தூக்குற?"

"நான் எங்க தூக்கினேன், அக்கா? உன் கண்ணுல கோளாறு."

"விரல் எங்க இருக்குன்னு பாரு."

விரல் இன்னும் அங்கேயே இருந்தது.

மைதானத்தில் சுடும் சத்தம் படபடத்தது. அவள் முகம் வெளுத்தது. "தெரிஞ்ச எனக்கே கை போயிடுச்சுன்னா, உள்ள இருக்கிறவங்களுக்கு..." முடிக்காமல் மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு, விசிலோடு ஓடினாள்.

முதல் விசில் யார் காதிலும் ஏறவில்லை.

"சுடாதீங்க! மாஸ்க்க ஒருத்தரும் கழட்டாதீங்க!"

சத்தம் நின்றது. ஒரு பீப்பாய்க்குப் பின்னால், தடித்த மனிதர் ஒருவர் மாஸ்க்கை நெற்றியில் ஏற்றிவிட்டு, கண்ணை ஸ்கோப்பில் பதித்திருந்தார். புருவத்திலிருந்து மஞ்சள் சாயம் வழிந்தது. அதோடு கொஞ்சம் சிவப்பும்.

"என்னம்மா, ஜெயிக்கிற நேரத்துல விசில் ஊதுறீங்க?"

அவள் அவர் மாஸ்க்கை இறக்கி, இரண்டு விரல்களை எதிரே நீட்டினாள். "எத்தன விரல்?"

"ரெண்டு. எதுக்கு?"

அவள் நிமிர்ந்தாள். மற்றப் பீப்பாய்களுக்குப் பின்னாலிருந்தும் தலைகள் எழுந்தன. இன்னும் மூன்று முகங்கள் திறந்தே இருந்தன. அவர்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக வாங்கினாள். வலைக்கு வெளியிலிருந்து முதலாளி கத்தினார்: "பாதி ஆட்டத்துல கூட்டத்த வீட்டுக்கு அனுப்பப் போறியா?"

"ஆமாங்கய்யா. கண்ணோட அனுப்பறேன்."